இன்னொருதரம் வாங்கிய ரூட்டர்

குளிர்பதனக் கிடங்கில் அவருக்கு 'இன்னொருதரம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. பூட்டிய கதவை இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். குறித்த வெப்பநிலையை இன்னொரு தரம் வாசிப்பார். லாரி வாசலைத் தாண்டிய பிறகும் பின்னாலேயே ஓடிவந்து, "இன்னொரு தரம் எண்ணிப் பாத்துடலாமா?" என்று கேட்பார். லாரிக்காரர்கள் அவரைத் திட்டாத நாளில்லை. ஆனாலும் அவர் பொறுப்பில் ஒரு பெட்டி மீன்கூடக் கெட்டுப்போனதில்லை என்பதால் முதலாளி அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். இரண்டு கம்ப்ரஸர், இரண்டு தெர்மாமீட்டர், இரண்டு சாவிக்கொத்து. ஒன்று போனால் இன்னொன்று இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய வேதம். வேறு சாமி அவருக்குக் கிடையாது.

மனைவிக்கு இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்தே செயலிழந்தபோது அந்த வேதத்தில் முதல் ஓட்டை விழுந்தது.

தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று ஆஸ்பத்திரியில் போய் நின்றார். ரத்தம் ஒத்துப்போகவில்லை. அவள் தம்பிக்குச் சர்க்கரை, அவனிடமிருந்து எடுக்க முடியாது என்றார்கள். மிச்சம் இருந்தது காத்திருப்போர் வரிசைதான். யாரோ ஒருவர் எங்கோ சாக வேண்டும், அவர் வீட்டார் சம்மதிக்க வேண்டும், அந்த ரத்தம் இவளுக்குப் பொருந்த வேண்டும். அதுவரை வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு ஒரு சின்ன டம்ளர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு வாய் கூடாது. தொண்டை வறண்டு அவள் தவிப்பதைப் பார்க்க முடியாமல், வீட்டு ஃப்ரிட்ஜில் கோலிக்குண்டு அளவுக்குச் சின்னச் சின்ன ஐஸ் கட்டிகளாக உறைய வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார். நாளெல்லாம் டன் கணக்கில் பனிக்கட்டியோடு மாரடிக்கிற மனுஷன், வீட்டுக்கு வந்து ஒரு கட்டி கொடுப்பதற்குக் கணக்குப் பார்ப்பார்.

மாற்று அறுவைப் பிரிவில் அந்த வரிசையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஒளிவுமறைவு இல்லாதவர். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"எப்ப வேணாலும் கூப்பிடுவோம். போனை எடுக்கணும். எடுக்கலேன்னா எங்களால காத்துக்கிட்டு இருக்க முடியாது, அடுத்தவங்களைக் கூப்பிட்டுடுவோம். சிறுநீரகம் யாருக்காகவும் காத்திருக்காது, புரியுதா? மூணு நம்பர் குடுங்க."

அவர் வீட்டு எண்ணையும் தன் செல்போன் எண்ணையும் கொடுத்தார். மூன்றாவதாக மச்சான் எண்ணைக் கொடுத்திருக்கலாம். "ரெண்டு போதும்" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது, அதுதான் ரூட்டர் கதை.

அவர்கள் குடியிருந்தது இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவே அமுங்கிக் கிடந்த தரைத்தள வீடு. வெயிலே எட்டிப் பார்க்க யோசிக்கிற இடத்துக்கு செல்போன் சிக்னல் எங்கிருந்து வரும்? தெருமுனைக்குப் போனால் நாலு கோடு காட்டும், வாசலில் ஒன்று, உள்ளே நுழைந்தால் அதுவும் போய்விடும். மாடியில் போய்ப் பேசலாம் என்றால் அவளுக்கு மூன்றாவது படியிலேயே மூச்சு வாங்கியது. அதனால் கூடத்தில் இருந்த பழைய தொலைபேசிதான் கைகொடுத்து வந்தது. அதிலும் மண் விழுந்தது. போன் கம்பெனிக்காரர்கள் தெருவிலிருந்த செம்புக் கம்பியை எல்லாம் உருவிச் சுருட்டிக்கொண்டு, "இனிமே எல்லாம் இன்டர்நெட் வழியாத்தான். அதே நம்பர், அதே போன். நல்ல ரூட்டரா பாத்து வாங்கிப் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ரூட்டர் வாங்க அவர் போன அழகை அந்தக் கடைக்காரன் இன்றும் மறந்திருக்க மாட்டான். போன் வயரை நேரே செருகிக்கொள்கிற மாதிரி ரூட்டர்களாக எடுத்து வரிசையாக அடுக்கினான்.

"வீட்ல எத்தனை பேர் சார்? பசங்க கேம் ஆடுவாங்களா? பெரிய டிவில படம் பாப்பீங்களா?"

"போன் அடிக்குமா?"

"சார், இதுல எட்டு ஆன்டெனா. மூணு மாடிக்கு—"

"ஆன்டெனா இருக்கட்டும்பா. வெளியில இருந்து யாராவது கூப்பிட்டா போன் அடிக்குமா?"

"அடிக்கும் சார்."

"இன்னொரு தரம் சொல்லு."

"அடிக்கும் சார், அடிக்கும். அடிக்காம என்ன பண்ணும்?"

அந்த எட்டு ஆன்டெனாவையே வாங்கினார். கரன்ட் போனால் ரூட்டரும் போய்விடுமே என்று பேட்டரி ஒன்றும் வாங்கினார். வேறு எது ஓடினாலும் பேச்சுக்குத்தான் முதல் வழி விட வேண்டும் என்கிற ஏற்பாட்டைக்கூட அதோடு வந்த புத்தகத்தைப் படித்து அவரே செய்தார். நெட் கம்பெனி முன்பே சுவரில் மாட்டிவிட்டுப் போயிருந்த பழைய பெட்டியை மட்டும் கழற்றவில்லை. அதுவும் ஒரு ரூட்டர்தான். இதையெல்லாம் தொடாதீர்கள் என்று மாட்டியவன் சொல்லியிருந்தான். ஓடிக்கொண்டிருப்பதை எதற்குக் கழற்ற வேண்டும்? பழையதின் பின்னால் புதியதைச் செருகினார், புதியதின் பின்னால் போனைச் செருகினார். ஒன்றுக்கு இரண்டு. பச்சை விளக்கு எரிந்தது. ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கணீரென்று கேட்டது.

அன்று சாயங்காலம் அவள் தம்பி வந்தான். அலுவலகங்களில் நெட்வொர்க் கேபிள் இழுத்து மாட்டுகிறவன், வீட்டில் எல்லோருக்கும் அவன் 'வயர்'. வாய் கொஞ்சம் நீளம், மனசு கெட்டதல்ல. உள்ளே வந்ததும் அலமாரி மேல் எட்டுக் காலையும் தூக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தான்.

"மாமா, இது ரூட்டரா, இல்ல மல்லாந்து கிடக்கிற கரப்பான்பூச்சியா?"

அக்காள்காரி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவள் சிரித்துப் பல நாளாகியிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய மனுஷனுக்கு முகம் சுருங்கியது. ஆராய்ந்து ஆராய்ந்து தான் வாங்கி வந்ததைப் பார்த்துத்தானா அவள் சிரிக்க வேண்டும்?

"பழைய பெட்டியை எதுக்கு மாமா விட்டு வெச்சிருக்கீங்க? ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு ரெண்டு ரூட்டர் நின்னா போனுக்கு ஆகாது. குடுங்க, நான் சரி பண்ணிட்டுப் போறேன்."

"ஒண்ணுக்கு ரெண்டா இருந்தா பாதுகாப்புதான். நீ உன் வேலையைப் பாரு."

"இதுதான் மாமா என் வேலை."

"உன் வேலையெல்லாம் ஆபீஸ்ல வெச்சுக்கோ. உங்கக்கா உசுரு இதுல தொங்கிட்டிருக்கு, உனக்குக் கரப்பான்பூச்சியா தெரியுது. இனிமே இந்த வீட்டு வயரைத் தொடாத."

 அக்காவைப் பார்த்தான், அவள் தரையைப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அந்த வாரம்தான் ஆஸ்பத்திரியில் மூன்று எண் கேட்டார்கள். வீம்பு யாரை விட்டது?

அதன் பிறகு அவர் அந்தப் போனைச் சோதித்த மாதிரி வேறு யாரும் எதையும் சோதித்திருக்க மாட்டார்கள். கிடங்கிலிருந்து வந்து கை கால் கழுவியதும் முதல் வேலை அதுதான். ரிசீவரை எடுப்பார், கிடங்கில் கம்ப்ரஸர் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டரின் எண்ணை அழுத்துவார்.

"நான்தான். இப்ப நீ கூப்பிடு."

வைப்பார். உடனே அடிக்கும். எடுப்பார்.

"கேக்குதா?"

"கேக்குது சார். நேத்தும் கேட்டுச்சு, முந்தாநேத்தும் கேட்டுச்சு."

"சரி, இன்னொரு தரம் கூப்பிடு."

இன்னொரு தரமும் அடிக்கும். அவர் மனைவியைப் பார்த்து ஒரு தலையாட்டல் ஆட்டுவார். அவள் தையல் மெஷின் பக்கத்திலிருந்து, "அந்த ஆள் ஒருநாள் வேலையை விட்டுட்டு ஓடப் போறாரு" என்பாள். துணி தைத்து நாலு காசு பார்த்தவள் அவள். உடம்பு படுத்தியதிலிருந்து மிதிக்க முடியவில்லை, உட்கார்ந்தபடி பித்தான் தைப்பதும் காஜா எடுப்பதும்தான். அதையும் போன் இருக்கிற மேஜைக்கு ஒட்டினாற்போல் நாற்காலியைப் போட்டுக்கொண்டு செய்தாள். குளிக்கப் போனால்கூடக் கதவைச் சாத்தித் தாழிடுவதில்லை.

போன் அபூர்வமாகத்தான் அடித்தது. அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நோயாளி வீட்டுக்குப் போன் பண்ணி என்ன பேசுவது என்று ஜனங்கள் தயங்குவது உண்டு. ஒன்றுவிட்ட நாத்தனார் ஒருத்தி கடைவீதியில் பார்த்து, "எத்தன தடவ கூப்பிட்டேன், நீதான் எடுக்கல" என்றாள். உலகத்தில் கூப்பிடாதவர்கள் எல்லோரும் சொல்வது அதுதானே என்று வீட்டுக்கு வந்து இருவரும் சிரித்தார்கள். தம்பியும் கூப்பிடவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு உள்ளே இருந்தது, வெளியே காட்டவில்லை. 'அவர் திட்டினா எனக்கென்ன, அக்கான்னு ஒரு வார்த்தை பேசக் கூடாதா?' என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

டயாலிசிஸ் அறையில் அவளுக்குப் பக்கத்துப் படுக்கை ஒரு பஸ் கண்டக்டருடையது. முப்பது வயதைத் தாண்டாதவள், விசிலும் வேண்டாத குரல். ஊசி குத்தி மெஷின் ஓட ஆரம்பித்ததும், "ரைட், போலாம்!" என்பாள். நாலு மணி நேரம் படுத்துக் கிடக்கிற அந்த அறையில் எல்லோரையும் சிரிக்க வைத்தது அவள் ஒருத்திதான். அவளுக்கும் இவளுக்கும் ஒரே ரத்தப் பிரிவு, ஏறக்குறைய ஒரே பொருத்தம்.

"ஒரே ஸ்டாப்புல நிக்கிறோம்க்கா. நீங்க முன்னால நிக்கிறீங்க, நான் பின்னால. பஸ் வந்தா மொதல்ல நீங்க ஏறணும், எடம் இருந்தா என்னையும் கூப்பிடுங்க."

"நீ சின்னவ. நீயே ஏறிக்கோ."

"அதெப்படி? வரிசைன்னா வரிசை."

இரண்டு பேரும் ஐஸ் கட்டியை ஒரே டப்பாவிலிருந்து எடுத்துச் சப்புவார்கள். குணமானதும் முதலில் என்ன குடிப்போம் என்று பேசிக்கொள்வார்கள். கண்டக்டருக்கு ஒரு குடம் தண்ணீர். இவளுக்கு நிறையத் தண்ணீர் விட்ட மோர்.

ஒரு வியாழக்கிழமை போனபோது பக்கத்துப் படுக்கை காலியாக இருந்தது.

 அந்த அறையில் காலிப் படுக்கை என்றால் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான். ஆனால் நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"கண்டக்டருக்குக் கிடைச்சிடுச்சு! செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். மேல வார்டுல இருக்காங்க."

மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது, பொய்யில்லாத தண்ணீர். "பாவம், சின்னப் பொண்ணு. நல்லா இருக்கட்டும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, "எனக்குப் பொருந்தலை போலிருக்கு" என்றாள்.

அவளை மெஷினில் போட்டதும் வரிசை பார்க்கிற அம்மாள் அவரைத் தன் அறைக்கு அழைத்தார். உட்காரச் சொல்லவில்லை.

"செவ்வாய்க்கிழமை மதியம் எங்க போயிருந்தீங்க?"

"கிடங்குல மேடம். ஒரு கம்ப்ரஸர் நின்னுபோச்சு, குளிர் அறைக்குள்ளயே இருந்தேன். உள்ள சிக்னல் வராது. ஏன்?"

"உங்க செல்லு கிடைக்கல. வீட்டுக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டோம். முழுசா ரிங் போச்சு. யாரும் எடுக்கல. முதல் பேர் உங்க மனைவி பேருதான்."



"வீட்டுல அவ இருந்தா மேடம். போன் பக்கத்துலயே இருந்தா."

"இருந்தா எடுத்திருப்பாங்களே? நான் பொய்யா சொல்றேன்? மூணாவது நம்பர் கேட்டேன், வேண்டாம்னீங்க." அம்மாளின் குரல் கொஞ்சம் தணிந்தது. "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. இந்தப் பொருத்தம் மறுபடி எப்ப வரும்னு சொல்ல முடியாது. முதல்ல போனைச் சரி பண்ணுங்க."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று ஊரார் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். இங்கே கைக்கே எட்டவிடாமல் யாரோ பிடித்து வைத்திருந்தார்கள். யார் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. வெராந்தாவில் வந்து நின்றார். திங்கள் சாயங்காலம் சோதித்தார், அடித்தது. செவ்வாய் சாயங்காலம் சோதித்தார், அடித்தது. நடுவில் அந்த மதியம் மட்டும் போனுக்கு என்ன பேயா பிடித்தது? ஒருவேளை அவள் அசந்து தூங்கிவிட்டாளோ என்று ஒரு கணம் நினைத்தார். அப்படி நினைத்ததற்காக மறுகணமே தன்னைக் காறித் துப்பத் தோன்றியது.

அவளிடம் சொல்லவில்லை. மெஷினிலிருந்து கழற்றி, சுருண்டு போய் வந்தவளைத் தாங்கிப் பிடித்து வண்டியில் ஏற்றினார். "அந்த அம்மா எதுக்குக் கூப்பிட்டாங்க?" என்று கேட்டாள். "சும்மா, நம்பர் எல்லாம் சரியான்னு கேட்டாங்க" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம், அதை அவர் தெரிந்தேதான் செய்தார்.

மறுநாள் மச்சான் வேலை செய்கிற அலுவலகத்தைத் தேடிப் போனார். வயர் ஏணி மேல் நின்று, மேற்கூரைப் பலகையைத் தள்ளிவிட்டு, தலையை உள்ளே விட்டிருந்தான். கீழே காலைத்தான் பார்க்க முடிந்தது. அந்தக் காலிடம் அவர் பேசினார்.

"மாப்ள, வீட்டுக்கு வா. போன் அடிக்கல."

கால் அசையவில்லை. "நான்தான் வயரைத் தொடக் கூடாதே" என்று கூரைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டிருக்காங்க. அடிக்கல. வேற ஒருத்திக்குக் குடுத்துட்டாங்க."

வயர் இறங்கினான். தலையெல்லாம் தூசி. மாமாவின் முகத்தைப் பார்த்தவன், சொல்ல வாயெடுத்ததை விழுங்கினான்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிய வேண்டாம்."

வீட்டுக்குள் வந்த தம்பியைக் கண்டதும் அவளுக்குச் சந்தோஷமும் கோபமும் ஒன்றாகப் பொங்கின.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? இத்தன நாள்ல ஒரு போன் பண்ணக் கூடாதாடா?"

"எத்தன தடவ பண்ணேன் தெரியுமாக்கா? மாமா எடுக்க வேணாம்னு சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

"பொய் சொல்லாத. நான் போன் பக்கத்துலயே கிடக்கறேன்."

"உன்மேல சத்தியமா."

 வயர் ரூட்டரைத் தொடவில்லை. சும்மா உட்கார்ந்தான். யாரும் போனை எடுக்க வேண்டாம், யாருக்கும் கூப்பிட வேண்டாம் என்றான். சுவர்க் கடிகாரம் ஓடியது. ஒரு கால் மணி நேரம் போயிருக்கும். பிறகு எழுந்து தெருமுனைக்குப் போனான். ஜன்னல் வழியே அவன் செல்போனைக் காதில் வைத்தபடி நிற்பது தெரிந்தது. வெகுநேரம் நின்றான். வீட்டுக்குள் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. போன் ஊமையாக இருந்தது.

திரும்பி வந்தான். "முழுசா ரிங் போகுது."

"என்கிட்ட தெனமும் அடிச்சுதே மாப்ள!"

"எப்படிச் சோதிச்சீங்க?"

"ஆபரேட்டரைக் கூப்பிடுவேன். வெச்சுட்டு, திரும்பக் கூப்பிடச் சொல்லுவேன்."

வயர் கண்ணை மூடித் திறந்தான்.

"மாமா, வீட்டுக்கு ரெண்டு வாட்ச்மேனை நிறுத்தி வெச்சிருக்கீங்க. உள்ள இருந்து யாராவது வெளிய போனா, அவங்க திரும்பி வருவாங்கன்னு கொஞ்ச நேரம் கதவைத் திறந்து வெப்பாங்க. அப்புறம் சாத்திடுவாங்க. சாத்தின பிறகு வெளியில இருந்து வர்றவங்களை யாருன்னே அவங்களுக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிடுவாங்க. நீங்க மொதல்ல கூப்பிட்டதுல கதவு திறந்துச்சு. அந்தத் திறந்த கதவு வழியாத்தான் ஆபரேட்டர் கூப்பிட்டது உள்ள வந்துச்சு. ஒருநாளாச்சும், நீங்க கூப்பிடாம, அவராவே கூப்பிடச் சொல்லியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்குவது ஒரு தரம். இவர் தினமும் கவனமாகச் சறுக்கியிருந்தார், அதையும் இரண்டிரண்டு தரமாக. சோதிக்காமலே விட்டிருந்தால்கூட யாரோ ஒருவர் குறை சொன்னபோது நம்பியிருப்பார். சோதித்த தைரியத்தில் அல்லவா சொன்னவர்களைப் பொய்யர்களாக்கிச் சிரித்தார்?

வயர் பழைய பெட்டியை வெறும் குழாய் மாதிரி வேலை செய்ய வைத்தான். போன் தன்பாட்டுக்கு அடிக்கடி வெளியே ஒரு குரல் கொடுத்துக் கதவைத் திறந்தே வைத்திருக்கும்படி புதியதிலும் ஏதோ மாற்றினான். மறுபடி கால் மணி நேரம் சும்மா இருந்து, மறுபடி தெருமுனைக்குப் போனான். போன் அடித்தது. வீடே அதிர்கிற மாதிரி அடித்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எடுத்தாள், தம்பி குரல் கேட்டது, வைத்தாள். கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ இத்தன நாளா யார் கூப்பிட்டாலும் நமக்கு வந்திருக்காதா?"

"ம்."

"ஆஸ்பத்திரியில இருந்து யாராச்சும்...?"

"இல்ல. நான் விசாரிச்சுட்டேன்."

"இன்னொரு தரம் விசாரிச்சீங்களா?" அவள் கேலியாகத்தான் கேட்டாள். முகத்தில் கேலி இல்லை.

"விசாரிச்சேன்" என்றார். வாழ்க்கையில் எதையும் இரண்டு தரம் பார்க்காமல் சொல்லாதவர் சொன்னதால் அவள் நம்பினாள். வயர் கருவிகளைப் பையில் போடுவதில் மும்முரமாக இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் காஜா எடுத்து முடித்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கிடங்கில் ஞாயிறும் வேலைதான். போன் அடித்தது. யாரும் சொல்லி வைத்து அடிக்கவில்லை, யாரும் முதலில் கூப்பிடவில்லை. வயர் சரி பண்ணிய பிறகு வெளி உலகம் தானாக அந்த வீட்டைக் கூப்பிட்ட முதல் தரம் அது.  ஆஸ்பத்திரியாக இருக்கக் கூடாதா, ஒரே ஒரு தரம், என்று நின்ற இடத்திலேயே வேண்டினார்.

ஆஸ்பத்திரிதான். ஆனால் கூப்பிட்டது கண்டக்டர். வார்டில் படுத்தபடி பேசினாலும் பஸ் முழுக்கக் கேட்கிற அதே குரல். ரிசீவரைத் தாண்டி வாசல் வரை வந்தது.

"அக்கா! பஸ் வந்துடுச்சுக்கா! சிறுநீர் நல்லா பிரியுதாம். நாளெல்லாம் தண்ணி குடிக்கச் சொல்றாங்கக்கா, குடிக்கலேன்னா திட்டறாங்க!"

"அடிப்பாவி!" என்று அவள் சிரித்தாள். "நல்லா குடி. எனக்கும் சேத்துக் குடி."

"எனக்கு வரவேண்டியதே இல்லியாம்க்கா. வேற யாரோ முன்னால இருந்தாங்களாம். அவங்க வரலேன்னா உனக்குன்னு சொல்லித்தான் என்னைய வரவெச்சாங்க. அங்க ரிங் போய்க்கிட்டே இருந்துச்சாம், யாருமே எடுக்கலியாம். யாரு பெத்த புள்ளையோ. அவங்களுக்காக தெனமும் வேண்டிக்கறேன்க்கா."

இந்தப் பக்கத்திலிருந்து சத்தம் இல்லை.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்." அவள் குரல் மாறவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. "வேண்டிக்கோ. யாரோ பாவம். நீ உடம்பைப் பாத்துக்கோ. தண்ணி நிறையக் குடி."

ரிசீவரை மெதுவாக வைத்தாள். அவர் ஒரு காலில் செருப்போடு உள்ளே வந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, அவர் சட்டையைப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமையா?"

"ம்."

"மதியமா?"

தலையை மட்டும் ஆட்டினார்.

"இந்தச் சட்டைக்குத்தான் காஜா எடுத்துக்கிட்டு இருந்தேன். இதே நாற்காலியில."

"என்னால சொல்ல முடியலடி" என்றார்.  "எல்லாம் என்னாலதான். என் வீம்புதான். உன் முகத்தைப் பாத்து எப்படிச் சொல்லுவேன்?"

அவள் திட்டவில்லை, அழவில்லை. திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். மேஜைப் பக்கம் சாய்ந்து, ரிசீவரை மறுபடி எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். யாருக்கும் கூப்பிடவில்லை. டயல் டோன் கணீரென்று கேட்பது நின்ற இடத்திலிருந்தே அவருக்குத் தெரிந்தது.

"அன்னிக்கும் ஒரு தரம் எடுத்துப் பாத்தேங்க" என்றாள். "இப்படித்தான் கேட்டுச்சு."